ஒற்றைப்பனைப் பாரில் இருபத்தேழு சிப்பி

கடலுக்கு அடியில் போன ஒரு மனிதனை ஒரு கூட்டல், ஒரு வகுத்தலில் மேலே கொண்டுவந்தவன் செல்வதுரை. பெருமைக்குச் சொல்வதல்ல. மேலே கொண்டுவந்தவனைத் திரும்ப இறக்கி வைக்க அவன் பட்ட பாடுதான் இந்தக் கதை.

உடன்குடிக்கு மேற்கே, சிவந்த தேரிமணல் வீட்டு வாசல்வரை வந்து கிடக்கும் ஊர் அவனுடையது. அப்பா பனையேறினார், இடுப்பு ஒத்துழைக்காமல் போனபிறகு கருப்பட்டி வாங்கி விற்றார். அந்தக் குடும்பத்தில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆளும் பட்டம் வாங்கிய முதல் ஆளும் ஒருவனே. பாளையங்கோட்டையில் கணக்குப் படித்து முடித்துவிட்டு, தூத்துக்குடிக் கடற்கரையில் ஒரு பழைய சரக்குக் கிட்டங்கியின் மாடியில் இருந்த முத்துப்பார் சோதனை ஆபீஸில் குமாஸ்தாவாகச் சேர்ந்தான். நாற்பத்தேழாம் வருஷம் தொடக்கம். சுதந்திரம் வரப்போகிறது என்று கீழே டீக்கடையில் பேசிக்கொண்டிருந்தார்கள். மேலே அவன் சிப்பி எண்ணிக்கொண்டிருந்தான்.

கடலடியில் சிப்பி ஒட்டி வளரும் பாறைத்திட்டுக்குப் பார் என்று பெயர். எந்தப் பாரில் எவ்வளவு சிப்பி இருக்கிறது, எவ்வளவு ஆழம், தண்ணீர் சூடா குளிர்ச்சியா, அடியில் மணலா கல்லா என்றெல்லாம் தெரிந்தால்தான் முத்துக்குளிப்பு நடத்தலாமா கூடாதா என்று சர்க்கார் முடிவு செய்ய முடியும். அதற்காகக் கரையோர ஊர்களிலிருந்து தோணிகள் போகும். ஆட்கள் காலில் கல்லைக் கட்டி முங்குவார்கள். ஒரு முங்குக்கு எத்தனை சிப்பி வந்தது என்று தோணித் தலைவரான தண்டல் வந்து சொல்ல, ஊர்க் கணக்கர் ஒரு பாருக்கு ஓர் அட்டை என்று எழுதுவார். அட்டைகள் கட்டுக்கட்டாக ஆபீஸுக்கு வரும். ஆபீஸில் அதையெல்லாம் ஒரு பெரிய தாளில் ஏற்றி மெட்ராஸுக்கு அனுப்புவார்கள். அங்கே விஞ்ஞானிகள் இருந்தார்கள்.

ஏற்றுவதில் ஒரே ஒரு தொல்லை. அட்டை காணாமல் போகும். பஸ்ஸில் நனைந்து போகும், எலி கடிக்கும், கணக்கர் மறப்பார். ஓர் அட்டை குறைந்தாலும் ஹெட்கிளார்க் ஆறுமுகநயினார் பிள்ளை கட்டை அப்படியே திரும்பக் கட்டி ஊருக்கு அனுப்பிவிடுவார். அது போய் வருவதற்குள் மற்ற கட்டுகள் பின்னால் குவிந்துவிடும்.

"ஒரு பல்லு போனாலும் சீப்பு சீப்புதானே அண்ணாச்சி? சீவிட்டுப் போவோமே" என்றான் செல்வதுரை.

"பல்லு போன எடத்துலதாம்டே பேன் நிக்கும்" என்றார் பிள்ளை.

சிரித்தார்கள். சிரித்துவிட்டு அவன் போய் ஒரு விதி செய்துகொண்டு வந்தான். ஓர் அட்டை காணவில்லையா? அதற்கு வடக்குப் பாரையும் தெற்குப் பாரையும் பார். இரண்டையும் கூட்டு, இரண்டால் வகு, போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போ. யாரையும் கேட்காதே, எதையும் நிறுத்தாதே. இதை ஒரு மட்டையில் பெரிதாக எழுதி மேஜைக்கு மேலே தொங்கவிட்டான். நகல் எடுக்கும் ஆட்கள் தலையை நிமிர்த்தினால் போதும். கட்டுகள் மடமடவென்று நகர்ந்தன. ஆபீஸின் தலைமை அதிகாரி மாடிப்படி ஏறிவந்து அவன் தோளில் தட்டினார். முதலில் அவன், தான் நிரப்பிய எண்ணுக்குப் பக்கத்தில் பென்சிலால் சிறு புள்ளி வைத்துக்கொண்டிருந்தான். "புள்ளியைப் பார்த்தால் மெட்ராஸிலிருந்து கேள்வி வரும். வேண்டாம்" என்றார் அதிகாரி. புள்ளியும் போயிற்று.

யுத்தம் முடிந்தும் காகிதப் பஞ்சம் தீராத காலம். ஏற்றி முடித்த அட்டைகளைப் பின்பக்கம் எழுதிக்கொள்ளச் சொல்லி ஊர்களுக்கே திருப்பி அனுப்பினார்கள். பின்பக்கமும் நிறைந்தபின் அவை எங்கே போயின என்று யாரும் கேட்கவில்லை.

பங்குனியில் ஆலந்தலையிலிருந்து ஒரு கட்டு வந்தது. கட்டின் மேலுறையில் கணக்கரின் சாய்ந்த எழுத்தில் 'ஒற்றைப்பனைப் பார் நிறைவு' என்று இருந்தது. ஆலந்தலைக் கணக்கில் கடைசிப் பார் அது. அங்கே கடலில் நின்று பார்த்தால் கரையில் ஒரே ஒரு பனைதான் தெரியும் என்பதால் அந்தப் பெயர். பிரித்துப் பார்த்தால் அந்தப் பாரின் அட்டை மட்டும் இல்லை. 'ஒற்றைப்பனைப் பார் வரை எல்லாம் நிறைவு. சரியாகத்தான் அனுப்பியிருக்கிறார்கள், வழியில் நழுவியிருக்கிறது' என்று நினைத்தான் செல்வதுரை. வடக்கே முப்பத்தொன்று. தெற்கே, மணப்பாட்டுக் கட்டில், இருபத்துமூன்று. தேதி, மேலுறையில் இருந்த தேதி. ஒற்றைப்பனைப் பார், ஒரு முங்குக்கு இருபத்தேழு சிப்பி என்று எழுதி மை ஒற்றினான். ஒரு வெற்றிலை மடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

அந்தத் தாள் மெட்ராஸுக்குப் போனபின் ஒருநாள் ஒரு பெண் மாடியேறி வந்தாள். வயது அவனைவிட இரண்டு மூன்று கூட இருக்கும். எண்ணெய் காணாத தலை. வாசல்படியிலேயே நின்றாள்.

"இங்கன பாரு கணக்கு எழுதுதது யாரு?"

"நாந்தான். உள்ள வாங்க. எந்த ஊரு?"

"ஆலந்தல. விக்டோரியான்னு பேரு. ஒத்தப்பனப் பாரு சரியா எந்த எடத்துல கெடக்குன்னு ஒரு துண்டுல எழுதித் தாங்க. பங்குச் சாமியாரக் கூட்டிட்டுப் போவணும். தண்டல்ட்ட கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்காரு."

தோணி மந்திரிக்கக் கூட்டிப் போகிறார்களாக்கும் என்று எண்ணிக்கொண்டான். "ஒங்க வீட்டுல யாரும் அங்க முங்குதாகளா?"

"எங்க வீட்டுக்காரரு. வளன்னு பேரு."

அவனுக்கு உற்சாகமாகிவிட்டது. தன் தாளில் இருக்கும் எண்ணுக்கு உடையவர்கள் யாரும் அதுவரை மாடியேறி வந்ததில்லை. ஆபீஸ் நகலை விரித்து விரலை ஓட்டினான். "ஒற்றைப்பனைப் பார். நல்ல பாரும்மா இது! ஒரு முங்குக்கு இருபத்தேழு சிப்பி."

"எப்பம் எடுத்தது?"

அவன் தேதியைச் சொன்னான்.

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "அன்னைக்கு அங்கன போனது ஒரே தோணி. மொதல்ல முங்குனது அவரு. அவருக்குப் பொறவு யாரும் முங்கல."

"அப்பம் அவரு எடுத்ததுதான்" என்றான் செல்வதுரை.

"எண்ணணும்னா, சிப்பி மேல வரணும்லா?"

"வராம எப்பிடிம்மா எண்ண?"

அவள் அவனை வெகுநேரம் பார்த்தாள். பிறகு முகம் மெல்ல மெல்ல இளகியது. கும்பிட்டாள். இறங்கிப் போய்விட்டாள். இடம் எழுதிய துண்டை வாங்காமலே போகிறாளே என்று அவன் படிவரை வந்து கூப்பிட்டான். அவளுக்குக் கேட்கவில்லை.

அடுத்த கட்டைத் தண்டல் ஜேசுபாதம் தானே தூக்கிக்கொண்டு வந்தார். கட்டை மேஜையில் போட்ட வேகத்தில் மைக்கூடு ஆடியது.

"எவம்லே இங்கன படிச்சவன்?"

எல்லாரும் செல்வதுரையைப் பார்த்தார்கள்.

"நீயாலே? ஏலே, ஒத்தப்பனையில முங்கி இருபத்தேழு எடுத்தியாமே? ஒன் நெஞ்சுக்கூட்டுக்கு ரெண்டு பாகம் ஆழத் தண்ணி தாங்குமாலே?"

"தண்டல்காரரே, கோவப்படாம சொல்லும்" என்றார் பிள்ளை.

"என்னத்தச் சொல்ல? என் தோணிதான். நாந்தான் கயித்தப் புடிச்சிருந்தேன். கல்லு மேல வந்துச்சு, கயிறு வந்துச்சு, பய வரல. மத்தவன்லாம் முங்கித் தேடுனானுவ. சிப்பியா தேடுனோம்? அந்தியில திரும்பிட்டோம். ஊருக்கு வந்து கணக்கருகிட்ட, ஒத்தப்பனப் பாரு நெறஞ்சிருச்சு, அதுக்கு அட்ட வேண்டாம்னு சொன்னேன். அவரும் அப்பிடியே எழுதித்தான விட்டாரு? அந்தப் புள்ளைட்டயும் நாந்தான் போய்ச் சொன்னேன். நெறஞ்சிருச்சு தாயின்னேன். பூசைக்கு நாள் குறிச்சாச்சு. இப்பம் வந்து, எம் புருசன் மேல வந்துட்டாரு, ஆபீசுல எழுதியிருக்கு, உசுரோட இருக்கிறவருக்கு எவன் பூச வைப்பான்னு கேக்கா. அன்னைக்குப் பக்கத்துல ஒரு கொழும்புத் தோணி போச்சு. அதுல ஏறிட்டான்னு மாமியாக்காரி இசபெல்லா சொல்லுதா. இவ தலையில பூ வச்சிக்கிட்டு ஒவ்வொரு கொழும்புத் தோணிக்கும் போயி நிக்கா. நாங்க பொய் சொல்லுதோமாம்."

செல்வதுரைக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "நிறைவுன்னு எழுதியிருந்ததே? அப்ப எல்லா அட்டையும் அனுப்பியாச்சுன்னுதானே..."

ஆறுமுகநயினார் பிள்ளை கண்ணாடியைக் கழற்றினார். அவன் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். "ஒங்க வீட்டுல அரிசி தீந்து போச்சுன்னா ஒங்க அம்மா என்ன சொல்லுவாடே?"

அவன் வாயைத் திறந்தான். அம்மா இசக்கித்தாய் பானைக்குள் கையைவிட்டுத் துழாவிவிட்டு நிமிரும் முகம் கண்முன் வந்தது. 'அரிசி நெறஞ்சிருச்சுல, கடைக்கு ஓடிட்டு வா.' அரிசி இல்லை என்று அவள் சொன்னதே கிடையாது. உப்பு இல்லை, எண்ணெய் இல்லை என்று எந்த வீட்டிலும் சொன்னதில்லை. இல்லை என்ற சொல்லை வீட்டுக்குள் விட்டால் அது போகாது என்பார்கள். கையில் காலிப்பையுடன் எத்தனை தடவை ஓடியிருக்கிறான்! நிறைந்தது என்றால் என்ன அர்த்தம் என்று அவனுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த மாடிப்படி ஏறும்போது அவன் அந்தச் சொல்லைக் கீழே விட்டுவிட்டு வந்திருந்தான். மாடியில் நிறைவு என்றால் முடிந்தது, சரியானது, மேலே அனுப்பலாம்.

அன்றிலிருந்து அவனுக்குப் பகல்தான் பயமாக இருந்தது. மத்தியானம், மற்றவர்கள் சாப்பிடக் கீழே போனபின், ஆபீஸில் சிப்பி நாற்றம் வரும். மாதிரிக்குக் கொண்டுவந்த சிப்பிகள் பின்கட்டில் எப்போதும் அழுகிக் கிடப்பவைதான். ஆனால் இப்போது அந்த நாற்றம் பின்கட்டிலிருந்து வருவதாகத் தோன்றவில்லை. அலமாரிக்குப் பின்னாலிருந்து வந்தது. அங்கே ஒருவன் வலைப்பையோடு நிற்கிறான், பையில் இருபத்தேழு சிப்பி இருக்கிறது, எண்ணி வாங்கிக்கொண்டால் போய்விடுவான், வாங்குவதற்குத்தான் ஆள் இல்லை. நாற்காலியை அந்தப் பக்கம் திருப்பிப் போட்டுப் பார்த்தான். அலமாரிதான் இருந்தது. நாற்காலியைப் பழையபடி போட்டதும் முதுகு குளிர்ந்தது.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று மெதுவாக வந்தது. அட்டைகள் எலியாலும் மழையாலும்தான் காணாமல் போகின்றன என்று அவன் நம்பியிருந்தான். எழுத ஒன்றுமில்லாத இடத்திலும் அட்டை வராது என்று ஏன் தோன்றவில்லை? ஏதோ நடந்த இடத்தில்தானே யாரும் உட்கார்ந்து கணக்கு எழுதியிருக்க மாட்டார்கள்? அப்படியானால் இந்தத் தாள்களில் இன்னும் எத்தனை வரிகளில் எத்தனை பேர் நிற்கிறார்கள்? தேட உட்கார்ந்தான். எல்லா எண்ணும் ஒரே மையில், ஒரே கையெழுத்தில், ஒரே மாதிரி இருந்தன. புள்ளி வைக்கவில்லை. அட்டைகளும் போய்விட்டன. எது கடலிலிருந்து வந்தது, எது தன்னிடமிருந்து வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை.

அதிகாரியிடம் போனான். அவர் மெட்ராஸிலிருந்து வந்திருந்த வரைபடம் ஒன்றை மேஜையில் விரித்து வைத்திருந்தார். வடக்கிலிருந்து தெற்காகச் சிப்பி குறைந்துகொண்டே போவதைக் காட்டும் கோடு.

"நல்ல நேரத்தில் வந்தீர். இதைப் பாரும். மற்றப் புள்ளியெல்லாம் கோட்டுக்கு மேலேயும் கீழேயுமாகச் சிதறிக் கிடக்கின்றன. உம்முடைய ஒற்றைப்பனை மட்டும் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. இருபத்தேழு. அற்புதம் என்று எழுதியிருக்கிறார்கள்."

"அது உட்காரத்தானே சார் செய்யும். பக்கத்து ரெண்டையும் கூட்டி வகுத்து நான் போட்டது. அங்கே யாரும் எண்ணவில்லை. முங்கினவர் மேலே வரவில்லை. அந்த எண்ணை எடுத்துவிட வேண்டும் சார்."

அதிகாரி கெட்டவர் அல்ல. "பாவம்" என்றார். பிறகு, "இதை எடுத்தால் மற்றதையும் எடுக்கச் சொல்வார்கள். எத்தனை இடத்தில் நிரப்பியிருக்கிறீர்?" என்று கேட்டார்.

"தெரியாது சார்."

"தெரியாது என்று நான் மெட்ராஸுக்கு எழுத முடியுமா?"

அவன் வெளியே வந்து, விதி எழுதிய மட்டையை ஆணியிலிருந்து கழற்றினான். நகல் எடுக்கும் ஆட்கள், இனி அட்டை இல்லாவிட்டால் என்ன செய்வது என்று கேட்டார்கள். "நிறுத்து. என்னைக் கேள்" என்றான். கட்டுகள் மறுபடியும் குவிய ஆரம்பித்தன.

ஞாயிற்றுக்கிழமை பெட்ரோலுக்குப் பதில் கரிவாயுவில் ஓடும் பஸ்ஸில் ஏறித் திருச்செந்தூரில் இறங்கி, கடற்கரை மணலில் ஆலந்தலைக்கு நடந்தான். போகிற வழியெல்லாம் சொல்லவேண்டிய வாசகத்தைத் திருத்திக்கொண்டே போனான். 'ஒரு தவறு நேர்ந்துவிட்டது.' நேர்ந்துவிட்டதா? மழையா அது, தானாக நேர? 'நான் ஒரு தவறு செய்துவிட்டேன்.' தவறு என்றால் போதுமா? பரீட்சையில் கூட்டல் பிழைத்தால் அது தவறு. இங்கே கூட்டலும் சரி, வகுத்தலும் சரி.

கோயிலுக்கு வடக்கே ஓலைக்கூரை வீடு. விக்டோரியா வாசலில் ஓர் ஆண்சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். தலையில் பூ இருந்தது. அவனைக் கண்டதும் கை துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"வாங்க, வாங்க! காயிதம் எதும் வந்திருக்கா? யத்த, தூத்துக்குடி ஆபீசுக்காரரு வந்திருக்காவ!"

உள்ளேயிருந்து மாமியார் இசபெல்லா வந்தாள். முக்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டாள். அவன் உட்காரவில்லை.

"அக்கா, அந்த இருபத்தேழு நான் எழுதினது."

"தெரியுமே. நீங்கதான வாசிச்சுச் சொன்னிய."

"வாசிக்கல. நான் போட்டது. அந்தப் பாருக்கு அட்டை வரல. வடக்குப் பார்ல முப்பத்தொண்ணு, தெற்க இருபத்துமூணு. ரெண்டையும் கூட்டிப் பாதி போட்டேன். அட்டை வராத இடத்துலெல்லாம் அப்படித்தான் போடுவேன். யாரும் எண்ணல. எண்ண ஒண்ணும் மேல வரல."

அவள் கொடியில் கிடந்த சட்டையின் ஓரத்தைப் பிடித்தாள். தண்ணீர் அவள் கைவழியே சொட்டியது.

"அந்த முப்பத்தொண்ண எடுத்தது யாரு?"

"சிலுவைன்னு ஒருத்தர்."

"இருபத்துமூண?"

"மணப்பாட்டு ஆள். பேர் தெரியாது."

"அப்பம் சிலுவ எடுத்ததுல பாதி, மணப்பாட்டான் எடுத்ததுல பாதி." அவள் அதை ஒரு பிள்ளை வாய்ப்பாடு சொல்வதுபோல் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "அந்த இருபத்தேழுல ஒண்ணு... ஒண்ணே ஒண்ணாவது இவரு எடுத்தது இருக்குமா?"

அவனுக்கு அம்மாவின் சொல் நாக்குவரை வந்தது. அதைச் சொன்னால் அவளுக்குப் புரியும், வலியும் கொஞ்சம் குறையும். ஆனால் அந்தச் சொல்லைத்தான் அவன் ஒருமுறை கெடுத்திருந்தான். அதைத் தொட அவனுக்குத் துணிவில்லை.

"இல்ல" என்றான்.

அந்த வீட்டு வாசலில் யாரும் சொல்லாத சொல். இசபெல்லா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். "யாருளா இவன்? ஞாயித்துக்கெழமயும் அதுவுமா வாசல்ல நின்னு என்ன சொல்லு சொல்லுதான்! ஆபீசு கணக்கு பொய்யாம், இவன் வாய்ச்சொல்லு மெய்யாம். எவனோ பயமுறுத்தி மாத்திச் சொல்லச் சொல்லியிருக்கான். எம் மவன் கொழும்புலதான் இருக்கான். போலே, போ!"

"யத்த, சும்மா இருங்க" என்றாள் விக்டோரியா. அவள் அழவில்லை. தலையிலிருந்த பூவை எடுத்து, எங்கே வைப்பது என்று தெரியாதவள்போலக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். "மொதல்ல தண்டலு வந்து சொன்னப்பம் நான் அழுது முடிச்சிட்டேன். ஒங்க எழுத்தக் கேட்டுட்டு அதத் திரும்ப வாங்கிட்டேன். இப்பம் ரெண்டாந்தரம் அழணும். எப்பிடி அழ?"

அதற்கு அவனிடம் விதி எதுவும் இல்லை.

பூசை நடந்தது. இசபெல்லா வரவில்லை. பூசை முடிந்ததும் சாமியார், விக்டோரியா, ஜேசுபாதம் எல்லாரும் தோணியில் ஒற்றைப்பனைப் பாருக்குப் போனார்கள். இடம் சொல்ல என்று செல்வதுரையையும் ஏற்றிக்கொண்டார்கள். இடம் சொல்ல அவன் எதற்கு? ஜேசுபாதம் கண்ணை மூடிக்கொண்டு போவார். 'எழுதுனவன் ஒருக்க வந்து பாக்கட்டும்' என்பதுதான் அவர் எண்ணம். பாய் இறக்கினார்கள். தாளில் ஒரு வரியாக இருந்த இடம் இங்கே நாலாப்பக்கமும் தண்ணீராக இருந்தது. கரையில் அந்த ஒரு பனை. சாமியார் செபம் சொன்னார். தோணியை அலை தட்டும் ஒவ்வொரு தட்டுக்கும் செல்வதுரைக்கு யாரோ கீழேயிருந்து பையால் இடிப்பதுபோல் இருந்தது.

திரும்பும்போது விக்டோரியா கேட்டாள். "அந்த எடத்துல இனி என்ன எழுதப் போறிய?"

"ஒண்ணும் எழுத மாட்டேன் அக்கா. காலியா விடுவேன்."

"காலியா விட்டா, ஒங்களமாதிரி இன்னொருத்தரு வந்து கூட்டி வகுத்துப் போட்டுருவாரே."

அவள் சொன்னது சரி. காலி இடத்தைக் கண்டால் படித்தவன் கை சும்மா இருக்காது. அவன் கையே இருந்ததில்லையே.

"பேர எழுதுங்க" என்றாள். "பேரக் கூட்டி வகுக்க முடியாதுல்லா?"

அடுத்த வாரம் அவன் மெட்ராஸுக்கு ஒரு திருத்தம் தயார் செய்தான். ஒற்றைப்பனைப் பார்: 27 என்பதை 'வளன்' என்று வாசிக்கவும். அவ்வளவுதான். எண் போகவேண்டிய கட்டத்தில் ஆங்கில எழுத்தில் அந்தப் பெயர். ஆறுமுகநயினார் பிள்ளை அதை எடுத்துப் பார்த்தார், அவனைப் பார்த்தார், தபால் கட்டின் நடுவில் செருகினார். "நான் பாக்கலடே" என்றார். அதிகாரி கட்டோடு கட்டாகக் கையெழுத்துப் போட்டார்.

மெட்ராஸிலிருந்து கேள்வி வந்தது: எண் தெளிவாக இல்லை, மறுபடி எழுதி அனுப்பவும். அவன் அதையே மறுபடி எழுதினான். எண்தான் தேவை, சொல் அல்ல என்று வந்தது. எண் இல்லை, இதுதான் இருக்கிறது என்று பதில் போனது. அதற்குப்பின் பேச்சில்லை. நடுவில் சுதந்திரம் வந்தது, அதிகாரி மாற்றலாகிப் போனார். செல்வதுரையின் கட்டுகள் தாமதமாகவே போயின. அவனுக்குப் பின் சேர்ந்தவர்கள் அவனைத் தாண்டி மேலே போனார்கள். அவன் நிறுத்தி நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தான். ஏன் அட்டை வரவில்லை என்று ஊர் ஊராகக் கடுதாசி போட்டான். 'எலி' என்று பதில் வந்தால் மனம் லேசாகும்.

நாற்பத்தொன்பதில் அறிக்கை அச்சாகி வந்தது. கையில் எடுக்கவே அவனுக்கு ஒரு வாரம் துணிவு வரவில்லை. ஒற்றைப்பனைப் பார் வரியில் 27 இல்லை. எண் வரிசையின் நடுவே, இறுகிய சிறு எழுத்தில், அந்தப் பெயர் நின்றது. தலைக்குமேல் ஒரு நட்சத்திரக் குறி. பக்கத்தின் அடியில் அந்தக் குறிக்கு விளக்கம். அதைப் படித்துவிட்டு அவன் அறிக்கையைப் பைக்குள் வைத்து, லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, பஸ் ஏறினான்.

விக்டோரியா கோயில் பக்கத்தில் கருவாடு காயப் போட்டுக்கொண்டிருந்தாள். அச்சில் பெயர் இருந்த இடத்தைக் காட்டினான். அவளுக்குப் படிக்கத் தெரியாது. விரலை வைக்கப் போய், கை நாறும் என்று எடுத்துக்கொண்டாள்.

"இதுதானா அவரு?"

"ஆமா."

"கீழ ஏதோ பொடிசா போட்டிருக்கே. அதுவும் அவரப் பத்தியா?"

அதை விட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தான். விடுவதும் நிரப்புவதும் ஒரே கைதானே என்று தோன்றியது. வாசித்தான். "வளன்: உள்ளூர்ச் சொல். பொருள் தெரியவில்லை."

விக்டோரியா கருவாட்டைப் புரட்டிப் போட்டாள். ஒரு காக்கையை விரட்டினாள்.

"தெரியலன்னா வந்து கேக்கச் சொல்லுங்க. நான் சொல்லுதேன்."